கூமுட்டைக்கு யார் காரணம்?

11 முட்டையை அடை வைத்தார்கள். 21 நாள் கழிந்தது. பொரித்தது 3 குஞ்சு. மீதி எட்டும் கூமுட்டை!

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். மீஞ்சூர் மார்க்கெட்டுக்கு அன்னக்கூடையில் மீனும் நண்டும் கொண்டுவரும் பெண்கள் பலர் இந்தப் பக்கத்தவர்கள்தான். அந்தக் குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். எட்டு முட்டைகளும் அவர் முன்னால் ஒரு கூடையில் கிடந்தன. ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே "களக், களக்" என்று சத்தம் கேட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே வைத்தார்.

"இந்தக் கோழிக்கு ராசியே இல்லை, தம்பி. வர்ற ஞாயித்துக்கிழமை குழம்பு வைச்சுட வேண்டியதுதான்" என்றார்.

மூன்று குஞ்சுகளை அழைத்துக்கொண்டு கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. தன் தலைக்கு வந்த ஆபத்து அதற்குத் தெரியாது. கூரை மேல் சேவல் நின்றது. அதை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டு முட்டை என்றால் நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒருநாள் ஆம்லெட். இந்தக் குப்பத்தில் அப்படி அல்ல. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் அடிக்கடி மணல் தூர்ந்துவிடுகிறது. முகத்துவாரம் அடைபட்டால் இறாலும் மீனும் ஏரிக்குள் வருவது குறையும். வலை வெறுமையாகத் திரும்பும். அப்படிப்பட்ட நாட்களில் கைச்செலவுக்கு உதவுவது கொல்லையில் மேயும் நாட்டுக்கோழிதான். எட்டுக் குஞ்சு வளர்ந்தால் எட்டுக் கோழி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு நோட்டும் பையும் அதில்தான் வரவேண்டும்.

அந்த வீட்டில் ராசி இல்லை என்ற பேச்சு கோழியோடு நிற்கவில்லை. மூதாட்டியின் இளைய மருமகள் திண்ணை ஓரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி 6 ஆண்டு ஆகிறது. குழந்தை இல்லை. கோழியைப் பற்றி மாமியார் சொன்ன அதே சொல்லை, அக்கம்பக்கத்தில் சிலர் அவரைப் பற்றியும் சொல்கிறார்கள். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

கூமுட்டைக்குக் காரணம் கோழியா? இந்தக் கேள்விக்கு உலகத்தின் பல ஆராய்ச்சிக் கூடங்களில் விடை தேடியிருக்கிறார்கள். கிடைத்த விடை, கூரை மேல் நின்ற சேவலைக் கீழே இறங்கச் சொல்கிறது!

சேவல் இல்லாமலும் முட்டை வரும்

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கோழி முட்டை போடச் சேவல் தேவையா? தேவையே இல்லை. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருக்கும் கோழிகள் சேவலைப் பார்ப்பதே கிடையாது. ஆனாலும் நாள் தவறாமல் முட்டை போடுகின்றன. கடையில் நாம் வாங்குவது அந்த முட்டைதான். அதை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது.

குஞ்சு வரவேண்டுமானால் சேவலின் உயிரணு முட்டைக்குள் போகவேண்டும். எப்போது போகிறது? ஓடு போட்ட பிறகு அல்ல. கோழியின் வயிற்றுக்குள் முதலில் உருவாவது மஞ்சள் கருதான். அது சினைப்பையிலிருந்து விடுபட்டுக் குழாய்க்குள் இறங்கியதும், சுமார் 15 நிமிடத்துக்குள் உயிரணு அதைச் சந்தித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெள்ளைக் கரு மூடிக்கொள்ளும். கடைசியில் ஓடு. ஓடு போடுவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது.

அந்தக் கால் மணி நேரத்தில் சேவல் பக்கத்தில் இருக்கவேண்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். கோழியின் உடலுக்குள் மிக நுண்ணிய பைகள் இருக்கின்றன. ஒரு முறை சேவலோடு சேர்ந்தால், வந்த உயிரணுக்களை அந்தப் பைகளில் சேமித்து வைத்துக்கொள்கிறது. சுமார் இரண்டு வாரத்துக்குச் சிறுகச் சிறுகச் செலவு செய்கிறது. நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானையில் காசு போட்டு வைப்பதைப் போல!

அடுத்த முறை முட்டையை உடைக்கும்போது மஞ்சள் கருவை உற்றுப் பாருங்கள். அதன் மேல் சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். குஞ்சு தொடங்கும் இடம் அதுதான். உயிர் பிடித்த முட்டையில் அந்தப் புள்ளி வட்டத்துக்குள் வட்டம் போட்டதுபோல் இருக்கும். உயிர் பிடிக்காத முட்டையில் வட்டம் இருக்காது. ஒழுங்கற்ற பொட்டாகத் தெரியும்.

பப்பாளிக் காயின் வேலை

சேவலின் உயிரணு கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் மெல்லிய நூல் இழைபோல் நீண்டிருக்கும். ஒரு தடவையில் கோடிக்கணக்கில் வருகின்றன. மஞ்சள் கருவைச் சென்று சேர்பவை மிகவும் குறைவு.

அங்கே ஒரு தடை. மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய தோல் ஒன்று இருக்கிறது. முட்டையை உடைத்து ஊற்றினாலும் மஞ்சள் கரு உருண்டையாக நிற்கிறதே, அந்தத் தோல்தான் காரணம். உயிரணு அதைத் துளைக்கவேண்டும். அதனிடம் ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. எப்படித் துளைக்கிறது?

ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பச்சைப் பப்பாளிக் காயில் ஒரு துண்டு போடுவீர்கள். கறி மெத்தென்று வெந்துவிடும். பப்பாளியில் உள்ள ஒரு பொருள் கறியின் புரதத்தை அறுத்துவிடுகிறது. இத்தகைய பொருளுக்கு நொதி என்று பெயர். நம் வயிற்றில் சோறு செரிப்பதும் நொதிகளால்தான். தான் கரையாமல் பிறவற்றைக் கரைப்பது, அறுப்பது, சேர்ப்பது இவற்றின் தொழில்.

சேவலின் உயிரணு தன் தலையின் நுனியில், ஒரு குல்லாய்க்குள், இப்படிப்பட்ட நொதியை வைத்திருக்கிறது. அதன் பெயர் அக்ரோசின். தோலைத் தொட்டதும் குல்லாய் திறக்கிறது. நொதி தோலை அறுத்து ஓட்டை போடுகிறது. எத்தனை உயிரணு துளைத்ததோ அத்தனை ஓட்டை. முட்டையிட்ட பிறகும் அந்தத் தோலைப் பிரித்து எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஓட்டைகளை எண்ணிவிடலாம். சேவல் தன் வேலையைச் செய்ததா, இல்லையா என்பதற்கு அது அழியாத சாட்சி.

கத்திக்கு உறை வேண்டாமா? உயிரணு நீந்தி வரும் விந்து நீரில் அக்ரோசினைக் கட்டிப்போடும் இன்னொரு பொருளும் இருக்கிறது. போலந்து நாட்டில் ஓல்ஷ்டின் நகர விஞ்ஞானிகள் வான்கோழியிடமிருந்து கத்தி, உறை இரண்டையும் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். வான்கோழி எதற்கு என்றால், மேல்நாட்டுப் பண்ணை வான்கோழிகளின் மார்பை மனிதன் பெரிதாக்கிவிட்டான். ஆண் பறவை பெட்டையோடு சேரவே முடிவதில்லை. எல்லாம் செயற்கைக் கருவூட்டல்தான். ஆகவே விந்து கெடாமல் இருப்பது அவர்களுக்குப் பணப் பிரச்சினை.

தூங்கும் முட்டை

ஓட்டை போட்டு உள்ளே போய்விட்டால் காரியம் முடிந்ததா? இல்லை. இங்கேதான் கதையின் முக்கியமான பகுதி வருகிறது.

உயிரணு வந்து சேரும்வரை முட்டை தூங்கிக்கொண்டிருக்கிறது. யாராவது அதை எழுப்பவேண்டும். எழுப்பினால்தான் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், குஞ்சு உருவாகும். எழுப்பாவிட்டால், உள்ளே வந்த உயிரணுவும் வீண், முட்டையும் வீண்.

எழுப்புவது எது? சுண்ணாம்புச் சத்து! விஞ்ஞானிகள் இதைக் கால்சியம் என்பார்கள். பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சல் வாரி, சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்களே, அந்தக் கிளிஞ்சலில் இருப்பதும் கால்சியம்தான். முட்டைக்குள் சிறு சிறு அறைகளில் கால்சியம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உயிரணு உள்ளே வந்ததும் அந்த அறைகள் திறந்துகொள்கின்றன. கால்சியம் அலைபோல் முட்டை முழுவதும் பரவுகிறது. முட்டை விழித்துக்கொள்கிறது.

அறையைத் திறக்கும் சாவி எது? இதைக் கண்டுபிடிக்க எத்தனையோ ஆண்டுகள் ஆயின.

1990-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கார்ல் ஸ்வான் ஒரு சோதனை செய்தார். ஹாம்ஸ்டர் என்ற எலி ஜாதியின் உயிரணுக்களைக் கரைத்து, அந்தச் சாற்றை முட்டைக்குள் ஊசியால் செலுத்தினார். முட்டை விழித்தது! அலை அலையாகக் கால்சியம் எழுந்தது. ஆக, சாவி உயிரணுவின் உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் சாற்றில் ஆயிரம் பொருள் இருக்குமே! அவற்றில் எது சாவி?

1996-ல் சாவி கிடைத்துவிட்டது என்று ஸ்வானும் அவருடைய கூட்டாளிகளும் அறிவித்தார்கள். ஒரு புரதத்துக்குப் பெயரும் வைத்தார்கள். விஞ்ஞான உலகம் பாராட்டியது. பிறகு அந்தப் புரதத்தை மட்டும் தனியாகத் தயாரித்து முட்டைக்குள் செலுத்திப் பார்த்தபோது, முட்டை அசையவே இல்லை! அது சாவி அல்ல, சாவிக்குப் பக்கத்தில் கிடந்த வேறொரு பொருள்.

இப்படிப் பொய்த்துப் போனால் நம்மில் பலர் வாயைத் திறக்கமாட்டோம். அவர்கள் மீண்டும் தேடினார்கள். 2002-ல் கார்டிப் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் டோனி லாய், ஸ்வான் குழுவினர் உண்மையான சாவியைக் கண்டார்கள். அதுவும் ஒரு நொதி. அதன் பெயர் பி.எல்.சி. ஜீட்டா. வாயில் நுழையாத பெயர்தான். நாம் "எழுப்பும் நொதி" என்றே வைத்துக்கொள்வோம்.

கோழியின் சாவி, எலியின் பூட்டு

அதுவரை எலி, குரங்கு, மனிதன் ஆகிய பாலூட்டிகளிடம்தான் இந்த நொதியைக் கண்டிருந்தார்கள். பறவைக்கும் உண்டா? 2005-ல் கெவின் கோவர்ட், ஜான் பாரிங்டன் முதலியோர் சேவலில் தேடினார்கள். இருந்தது!

அது எழுப்புமா என்று பார்க்கவேண்டும். கோழியின் மஞ்சள் கருவோ மிகப் பெரியது. ஊசி போட்டுப் பார்க்கத் தோதுப்படாது. ஆகவே ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். சேவலின் எழுப்பும் நொதியைச் செய்வதற்கான குறிப்பை எடுத்து எலியின் முட்டைக்குள் செலுத்தினார்கள்.

குறிப்பு என்றால் என்ன? சமையல் குறிப்பு மாதிரிதான். உடம்பில் ஒவ்வொரு பொருளையும் எப்படிச் செய்வது என்று மரபணுக்களில் எழுதியிருக்கிறது. கோழிக்கும் எலிக்கும் மனிதனுக்கும் கிருமிக்கும் அந்த எழுத்து ஒன்றுதான்! ஆகவே ஒருவர் குறிப்பை மற்றவர் படித்துச் சமைக்க முடியும். எலியின் முட்டை சேவலின் குறிப்பைப் படித்தது. நொதியைத் தானே செய்துகொண்டது. கால்சியம் அலைகள் எழுந்தன. சேவலின் சாவி எலியின் பூட்டைத் திறந்துவிட்டது!

கிருமிச் சமையற்காரன்

இப்படிக் குறிப்பை இடம் மாற்றும் வித்தை 1973-ல் அமெரிக்காவில் தொடங்கியது. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதைப்போல, ஓர் உயிரின் மரபணுவை வெட்டி இன்னோர் உயிரின் மரபணுவோடு ஒட்டுகிறார்கள். இப்படிச் செய்த பொருளுக்கு மறுசேர்க்கைப் பொருள் என்று பெயர்.

பெரும்பாலும் சமையற்காரனாக வைத்துக்கொள்வது ஈ.கோலி என்ற குடல் கிருமியை. கிருமி என்றதும் பயப்படவேண்டாம். ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்ப்பது சாதுவான வகை. வெதுவெதுப்பான கஞ்சியில் விட்டால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். காலையில் ஒன்றை விட்டால் மாலைக்குள் கோடி கோடியாகிவிடும். அத்தனையும் கொடுத்த குறிப்பைப் படித்துச் சமைத்துக்கொண்டே இருக்கும். பிறகு கிருமிகளை உடைத்து, நமக்கு வேண்டிய பொருளை மட்டும் பிரிக்கவேண்டும். அதற்காகக் குறிப்பிலேயே ஒரு சிறு வாலையும் எழுதிச் சேர்க்கிறார்கள். அந்த வால் நிக்கல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். மற்ற அழுக்கெல்லாம் கழுவிப் போய்விடும். தூண்டிலில் மீன் மாட்டுவதைப் போலத்தான்.

இது ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று எண்ணவேண்டாம். சர்க்கரை நோய்க்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் முன்பு மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 1978-ல் மனித இன்சுலின் குறிப்பைக் கிருமிக்குக் கொடுத்தார்கள். 1982-ல் அந்த இன்சுலின் விற்பனைக்கு வந்தது. மஞ்சள் காமாலையில் ஒரு வகைக்குப் போடும் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997-ல் இதே வித்தையால், ஈஸ்ட்டை வைத்துச் செய்து வெளியிட்டது.

அதே வழியில் இன்று சேவல் உயிரணுவின் எழுப்பும் நொதியையும் தயாரிக்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் பொருள் விற்கும் கம்பெனிகளின் பட்டியலில் அதுவும் ஒன்று. விரல் நுனி அளவுக் குப்பி. உள்ளே இருப்பது உப்புக்கல்லின் ஒரு துகளைவிடக் குறைவு. உறைநிலையில் வைத்து அனுப்புவார்கள். குப்பியின் மேல் "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும். கோழிக்குக் கொடுக்கும் மருந்து அல்ல அது. கால்நடை ஆஸ்பத்திரியில் போய் யாரும் கேட்கவேண்டாம்!

பிறகு எதற்கு? சேவலின் உயிரணுவில் இயற்கையாக இருக்கும் நொதி மிக மிகச் சொற்பம். அதைப் பிரித்துச் சேர்க்க எத்தனை சேவலைக் கொல்வது? கிருமி சமைத்துக் கொடுத்தால் சுத்தமாக, வேண்டிய அளவு கிடைக்கும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, எந்தச் சேவலிடம் நொதி குறைவு என்று பார்க்க வழி பிறக்கும். 1996-ல் நடந்த தவறு போல் இன்னொரு தவறு நடக்காமலும் பார்த்துக்கொள்ளலாம். சாவி என்று சொன்னால், அதைத் தனியாகச் செய்து பூட்டில் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதானே!

கரைவலை இழுப்பதுபோல

பறவைகளிடம் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. மனிதன், மாடு, எலி இவற்றின் முட்டைக்குள் ஒரே ஓர் உயிரணுதான் போகலாம். இரண்டாவது போனால் கரு கெட்டுவிடும். பறவையின் மஞ்சள் கருவுக்குள்ளோ பல உயிரணுக்கள் நுழைகின்றன. கூடிச் சேர்வது என்னவோ ஒன்றுதான். மற்றவை ஓரமாகப் போய் அழிந்துவிடும். இந்த வீண் கூட்டம் எதற்கு என்று வெகுநாள் விளங்கவில்லை.

விளக்கியவர்கள் ஜப்பானியர்கள். ஷிசுவோகா பல்கலைக்கழகத்தின் மிசுஷிமா, சசனாமி முதலியோர் காடையை எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பண்ணைகளில் வளர்கிறதே, அதே ஜப்பான் காடைதான். காடையின் மஞ்சள் கருவுக்குள் ஒரே ஓர் உயிரணுவை ஊசியால் செலுத்தினார்கள். முட்டை விழிக்கவில்லை! உயிரணுக்களின் சாற்றையும் சேர்த்துச் செலுத்தினார்கள். விழித்தது.

சாற்றைத் துருவித் துருவிப் பார்த்ததில் மூன்று நொதிகள் அகப்பட்டன. ஒன்று, நாம் சொன்ன எழுப்பும் நொதி. அது முதல் அலையைக் கிளப்புகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. மற்ற இரண்டும் அந்த அலை அடங்கிவிடாமல் நெடுநேரம் சுழன்றுகொண்டே இருக்கச் செய்கின்றன. அந்த இரண்டும் அபூர்வப் பொருள்கள் அல்ல. உணவை எரித்துச் சக்தி எடுக்கும் சாதாரண வேலைக்காரர்கள். உயிரணுவுக்குள் இப்படி ஓர் உத்தியோகமும் பார்க்கின்றன!

மூன்று நொதிகளின் குறிப்புகளையும் ஒரே ஓர் உயிரணுவோடு சேர்த்துச் செலுத்தினார்கள். அந்தக் கருவை வேறொரு முட்டையின் ஓட்டுக்குள் வைத்து வளர்த்தார்கள். காடைக் குஞ்சு பிறந்தது! 2014-ல் இந்தச் செய்தி வெளிவந்தது.

கூட்டம் எதற்கு என்பது இப்போது விளங்கிவிட்டது. ஓர் உயிரணு கொண்டுவரும் நொதி, அவ்வளவு பெரிய மஞ்சள் கருவுக்குப் போதாது. கரைவலையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தால்தான் வலை கரைக்கு வரும். ஒருவர் இழுத்தால் வலை கடலிலேயே கிடக்கும். பறவையின் முட்டையும் அப்படித்தான்.

குப்பத்துச் சேவலுக்கு இது பொருந்தும். கிழச் சேவலிடமும், கோடை வெயிலில் வாடிய சேவலிடமும் நல்ல உயிரணு குறைந்துவிடுகிறது. 20 கோழிக்கு ஒரு சேவல் என்றாலும் இதே கதி. பத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. ஆள் குறைந்தால் வலை வராது. முட்டை விழிக்காது. பழி மட்டும் கோழிக்கு!

கோழி தரப்பிலும் வளர்ப்பவர் தரப்பிலும் தவறே இல்லை என்று சொல்லமாட்டேன். முட்டையைப் பத்து, பதினைந்து நாள் சேர்த்து வைத்து அடை வைத்தால் கெடும். அடுப்படிச் சூட்டில் வைத்தாலும் கெடும். இவற்றில் முட்டை விழித்திருக்கும், பாதியில் செத்திருக்கும். விழிக்காதது வேறு, விழித்துச் செத்தது வேறு. இரண்டையும் நாம் கூமுட்டை என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். இங்கிலாந்தில் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலா ஹெமிங்ஸ், டிம் பர்க்ஹெட் ஆகியோர், அழிந்துவரும் பறவைகளின் பொரியாத முட்டைகளைத் திறந்து ஓட்டைகளை எண்ணினார்கள். உயிர் பிடிக்காதவை என்று ஒதுக்கிய முட்டைகளில் பல, உண்மையில் உயிர் பிடித்துச் சின்னஞ்சிறு கருவாகவே செத்தவை என்று தெரிந்தது.

பழவேற்காட்டுக்குக் கூட்டம் கூட்டமாக வரும் பூநாரை ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான் இடும். கானமயிலும் அப்படியே. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை கானமயில். இன்று ராஜஸ்தான் பாலைவனத்தில்தான் பெரும்பகுதி மிஞ்சியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஜெய்சால்மர் அருகே செயற்கைக் கருவூட்டலால் ஒரு கானமயில் குஞ்சு பிறந்தது. அந்த ஒரு முட்டைக்குள் உயிரணு போனதா, முட்டை விழித்ததா என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று எண்ணிப் பாருங்கள்.

டார்ச் வெளிச்சத்தில்

இனி, வலை பிரித்துக்கொண்டிருந்த மருமகளுக்கு வருவோம்.

எழுப்பும் நொதி மனிதனுக்கும் உண்டு. கணவனின் ஓர் உயிரணுவை எடுத்து மனைவியின் முட்டைக்குள் டாக்டரே ஊசியால் வைக்கும் சிகிச்சை 1992 முதல் இருக்கிறது. அப்படி வைத்தும், 100-க்கு 1 முதல் 3 தடவை, ஒரு முட்டைகூடக் கரு பிடிப்பதில்லை. 2008, 2009 ஆண்டுகளில் இப்படித் தோற்ற சில கணவர்களின் உயிரணுவைச் சோதித்தார்கள். பார்த்தால் உயிரணு நன்றாக இருக்கிறது. நீந்துகிறது. ஆனால் உள்ளே எழுப்பும் நொதி இல்லை, அல்லது பழுதாக இருக்கிறது! 2013-ல் கார்டிப் குழுவினர் கிருமியில் செய்த மனித நொதியை, விழிக்காத எலி முட்டைகளுக்குள் செலுத்தி எழுப்பிக் காட்டினார்கள். அது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இப்போதைக்கு, கால்சியத்தை உள்ளே விடும் ஒரு மருந்தில் முட்டையை நனைத்து எழுப்பிப் பார்க்கிறார்கள்.

நொதிப் பழுது அபூர்வம். ஆனால் பொதுவாகவே, குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் விஷயத்தில் கணவனிடமும் குறை இருக்கிறது. இதை நான் மூதாட்டியிடம்தான் சொன்னேன். ஆனால் வலையில் இருந்த கை நின்றுவிட்டது.

"ஏன் அண்ணே, அப்போ அவங்களையும் டெஸ்ட் பண்ணணுமா?" என்று மருமகள் கேட்டார்.

"முதலில் அவரைத்தான் செய்யவேண்டும், அம்மா. ஆணுக்குச் சோதனை சுலபம். ஊசி இல்லை, வலி இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியிலும் உண்டு" என்றேன். மாமியார் குறுக்கே ஒன்றும் பேசவில்லை.

அதே வீட்டில் இன்னொரு கோழி அடையில் இருந்தது. அன்று ஏழாம் நாள். இருட்டிய பிறகு மருமகள் டார்ச் விளக்கைக் கொண்டுவந்தார். விளக்கின் வாயில் முட்டையை வைத்துப் பார்த்தோம். உயிர் பிடித்திருந்தால் சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்பு ஓடும். இல்லாவிட்டால் வெறும் மஞ்சள் வெளிச்சம். முதல் முட்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் நரம்பு தெரிந்தது. மருமகள் அதைப் பத்திரமாகக் கோழியின் அடியில் வைத்தார். 9 முட்டையில் 6 வெறும் முட்டை.

"இது வேற கோழியாச்சே!" என்றார் மூதாட்டி.

"சேவல் அதே சேவல்தானே, அத்தை" என்றார் மருமகள்.

மூதாட்டி கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ ஞாயித்துக்கிழமைக்கு இவன்தான், தம்பி" என்றார்.